வி.எஸ். கோடில் பைதான் மக்கர் பண்ணுகிறதா? அழித்துவிட்டு நிறுவும் முன் பார்க்க வேண்டியவை

புதிதாக நிரல் எழுத வருபவர்கள் பலருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரிந்திருக்கிறது. டெர்மினலில் (கட்டளை அடித்து நிரலை ஓட்டும் பலகம்) சிவப்பாக ஏதாவது வந்தால் பைதானை அன்இன்ஸ்டால் செய்வது, திரும்ப டவுன்லோட் செய்து போடுவது, அதற்கும் மசியாவிட்டால் நிரல் எழுதும் எடிட்டரான வி.எஸ். கோடையும் தூக்கிவிட்டுப் போடுவது. விண்டோஸையே ஃபார்மட் அடித்தவர்களும் உண்டு. பெரும்பாலும் அங்கே எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று பைதான் குடியிருக்கும். நூலகத்தை (பிறர் எழுதி வைத்த, நாம் எடுத்தாளும் நிரல் தொகுப்பு) ஒன்றுக்குள் இறக்கியிருப்பீர்கள், நிரலை ஓட்டுவது இன்னொன்றாக இருக்கும். இந்த நிலையில் இன்னுமொரு பைதானைக் கொண்டுவந்து இறக்கினால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

விண்டோஸ் லேப்டாப்பில் வி.எஸ். கோடும் பைதானும் வைத்துக்கொண்டு பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜாவா, சி, நோட் என்று வேறு வழியில் போகிறவர்களுக்கும் முறை இதேதான், பெயர்கள்தான் மாறும். கட்டளைகளை நண்பருக்குப் போனில் சொல்வது மாதிரி தமிழெழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

வெறும் விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு தமிழ் உரைக் கோப்பைத் திறந்து அதில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ண வேண்டும். பைதானிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து லென் (நீளம்) கேட்டால் 5 என்று சொல்லும். மெய், உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனியாக எண்ணுவதால் அப்படி. நமக்கு 3 வர வேண்டும். அதற்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற நூலகம் இருக்கிறது. வேலை என்னவோ பத்து வரிதான். ஆனால் புதியவர்கள் தடுக்கி விழும் குழிகள் அத்தனையும் இந்தப் பத்து வரிக்குள் இருக்கின்றன.

எந்தப் பைதான், எந்த ஃபோல்டர், எந்த ஃபைல்

எர்ரர் எதுவாக இருந்தாலும் இந்த மூன்றையும் கணினியிடமே கேட்டுவிடுங்கள். 'செக்.பிஒய்' என்று ஒரு ஃபைல் போட்டு, அதில் இதை எழுதி ஓட்டுங்கள்:

இம்போர்ட் சிஸ், ஓஎஸ்
பிரின்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)
பிரின்ட்(ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி())
பிரின்ட்(\_\_ஃபைல்\_\_)

கடைசி வரியில் ஃபைல் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு வரும். முதலில் அச்சாவது இந்த நிரலை ஓட்டிய பைதான் இருக்கும் முழு முகவரி. அடுத்தது எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடுகிறது என்பது. மூன்றாவது, உண்மையில் ஓடிய ஃபைல் எது என்பது. இதில் ஒன்றாவது நீங்கள் எதிர்பார்த்ததுபோல இல்லையென்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஃபைல் விஷயத்தில் இன்னொன்று. டேபில் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் சேவ் ஆகவில்லை என்று பொருள். டெர்மினலில் நேரடியாகக் கட்டளை அடித்து ஓட்டும்போது பழைய நிரல்தான் ஓடும். திருத்திய வரி திரையில் இருக்கும், வட்டில் இருக்காது. ஃபைல் மெனுவில் 'ஆட்டோ சேவ்' என்று ஒன்று இருக்கிறது, இப்போதே டிக் போட்டுவிடுங்கள்.

ஃபோல்டர் விஷயமும் அப்படித்தான். வி.எஸ். கோடில் ஒற்றை ஃபைலைத் திறந்து வேலை செய்யாதீர்கள். எப்போதும் 'ஓப்பன் ஃபோல்டர்' கொடுத்து, வேலைக்கென்று வைத்திருக்கும் ஃபோல்டரையே திறங்கள். டெர்மினல் அந்த ஃபோல்டரில்தான் நிற்கும். நிரலில் 'பாட்டு.டிஎக்ஸ்டி' என்று மட்டும் எழுதியிருந்தால் பைதான் அதைத் தேடுவது நிற்கும் ஃபோல்டரில். நிரல் கிடக்கும் ஃபோல்டரில் இல்லை. உள்ளே ஒரு துணை ஃபோல்டரில் நிரலும் உரைக் கோப்பும் அக்கம்பக்கமாக இருந்தும் 'ஃபைல்நாட்ஃபவுண்ட்எர்ரர்' வருவது இதனால்தான். 'கண்ணெதிரே இருக்கிற ஃபைலை இல்லை என்கிறதே' என்று கோபப்படுபவர்கள் செக்.பிஒய் காட்டும் இரண்டாவது வரியைப் பார்த்தால் போதும்.

எர்ரரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். பைதான் கடைசி வரியில்தான் என்ன நடந்தது என்று சொல்கிறது; அதற்கு மேலே இருப்பதெல்லாம் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்ற கதை. அந்தக் கதையில் உங்கள் ஃபைல் பெயர் எங்கே வருகிறதோ அந்த வரி எண்ணைப் பிடியுங்கள். நூலகத்துக்குள் இருக்கும் ஃபைல்களின் பெயர் வந்தால் அங்கே போய்த் திருத்த உட்கார வேண்டாம்.

கணினியில் எத்தனைப் பைதான்?

டெர்மினலைத் திறந்து (கன்ட்ரோலும் டேப் கீக்கு மேலே இருக்கும் சாய்ந்த ஒற்றைக் குறியும்) 'வேர்.இஎக்ஸ்இ பைதான்' என்று அடியுங்கள். வெறும் 'வேர்' என்று மட்டும் அடித்தால் பவர்ஷெல் (டெர்மினலுக்குள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு வாயே திறக்காது, இஎக்ஸ்இ சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். வரிசையாக முகவரிகள் வரும். முதலில் வருவதுதான் 'பைதான்' என்று அடித்தால் ஓடும். 'பிஒய் -0பி' என்று அடித்துப் பார்த்தால், நிறுவியிருக்கும் பைதான்கள் பதிப்பு எண்ணோடும் முகவரியோடும் வரும்.

பட்டியலில் 'விண்டோஸ்ஆப்ஸ்' என்று ஒரு முகவரி தென்பட்டால் அது பெரும்பாலும் நிஜப் பைதான் இல்லை. 2019-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒரு போலி வாசலை வைத்திருக்கிறது. பைதான் இல்லாத கணினியில் 'பைதான்' என்று அடித்தால் ஸ்டோரைத் திறந்து காட்டும். நிஜப் பைதானைப் போட்ட பிறகும் வரிசையில் இது முன்னால் நின்றுகொண்டால், 'பைதான் வாஸ் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லி ஸ்டோருக்குப் போகச் சொல்லும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ், அதற்குள் 'ஆப் எக்ஸிக்யூஷன் அலியாசஸ்' போய், பைதான், பைதான்3 என்ற இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள். பைதான் ஸ்டோரிலிருந்தே இறக்கியதென்றால் மட்டும் இதைத் தொடாதீர்கள்.

முகவரி வரிசையைத் தீர்மானிப்பது 'பாத்' என்ற சூழல் மாறி, அதாவது கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல். விண்டோஸ் இதில் முதலில் சிஸ்டத்தின் பட்டியலை வைக்கும், பிறகுதான் பயனரின் பட்டியலைச் சேர்க்கும். ஆகவே ஏதோ ஒரு மென்பொருள் தன்னுடைய பழைய பைதானை சிஸ்டம் பட்டியலில் சொருகிவிட்டுப் போயிருந்தால், உங்கள் பெயரில் எவ்வளவு மேலே ஏற்றினாலும் அதுதான் ஜெயிக்கும். ஜாவாவிலும், சி நிரலுக்கான ஜிசிசியிலும் அடிக்கடி நடக்கும் கூத்து இது.

பாத்தைத் திருத்திய பிறகு வி.எஸ். கோடை முழுக்க மூடித் திறங்கள். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. டெர்மினல் தன் சூழலை வி.எஸ். கோடிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, வி.எஸ். கோடோ தான் திறக்கப்பட்ட நேரத்தில் இருந்த பழைய பாத்தையே கையில் வைத்திருக்கும். 'எல்லாம் சரியாகத்தான் செய்தேன், மறுநாள் காலையில் தானாகவே ஓடியது' என்று சொல்பவர்களின் மர்மம் இதுதான்: இரவு லேப்டாப்பை அணைத்திருப்பார்கள்.

வேலைக்கொரு தனிச் சூழல்

ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே ஒரு பைதான் சூழல் (தனக்கென்று தனி நூலகங்களோடு இருக்கும் ஃபோல்டர்) வைத்துக்கொள்வதுதான் இந்தக் குழப்பத்துக்கு நிரந்தரத் தீர்வு. பைதான் 3.3-லிருந்து இதற்கான கருவி 'வென்வ்' என்ற பெயரில் கூடவே வருகிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். படிகள் இவை:

1. வேலை ஃபோல்டரைத் திறங்கள். இடம் முக்கியம்: ஒன்டிரைவ் பார்த்துக்கொள்ளும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் வேண்டாம். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை அது மேகத்துக்கு ஏற்ற ஆரம்பித்தால் நடுவில் ஏதாவது ஒன்று பூட்டிக்கொள்ளும். சி டிரைவிலேயே 'கோட்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள்.
2. டெர்மினலில் 'பைதான் -எம் வென்வ் .வென்வ்' என்று அடியுங்கள். இரண்டாவது வென்வுக்கு முன்னால் ஒரு புள்ளி உண்டு.
3. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே கட்டளைப் பெட்டி வரும். 'பைதான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' என்று தேடி, .வென்வ் என்று காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். பைதான் ஃபைல் திறந்திருக்கும்போது வலது கீழ் மூலையில் இந்தப் பெயர் தெரிய வேண்டும்.
4. டெர்மினலைக் குப்பைத்தொட்டிக் குறியால் மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .வென்வ் என்று வரும்.
5. 'பைதான் -எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என்று அடியுங்கள். பிப் என்பது நூலகங்களை இறக்கித் தரும் கருவி; வெறும் 'பிப் இன்ஸ்டால்' என்று தொடங்காதீர்கள். பாத்தில் முதலில் நிற்கும் பிப் எந்தப் பைதானைச் சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. 'பைதான் -எம்' போட்டால் எந்தப் பைதானைக் கூப்பிட்டீர்களோ அதற்குள்தான் இறங்கும்.

நான்காவது படியில் பலருக்கும் 'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்டு ஆன் திஸ் சிஸ்டம்' என்று ஒரு சிவப்புப் பத்தி வரும். பயப்பட ஒன்றுமில்லை. விண்டோஸில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எதையும் ஓட்டாதே என்பதுதான் தொடக்க நிலை. சூழலை இயக்கி வைக்கும் ஃபைலும் ஒரு ஸ்கிரிப்ட் என்பதால் அதையும் தடுக்கிறது. 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்டு' என்று ஒரு முறை அடித்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் தடை விலகும், அட்மின் அனுமதி தேவையில்லை. கல்லூரி லேப் கணினிகளில் நிர்வாகம் இதையும் பூட்டி வைத்திருக்கலாம். அங்கே டெர்மினலின் பிளஸ் குறிக்குப் பக்கத்து அம்பைச் சொடுக்கி 'கமாண்ட் ப்ராம்ப்ட்'டுக்கு மாறிக்கொள்ளுங்கள், இந்தப் பேச்சே எழாது.

இந்தச் சூழலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தாதீர்கள், பென்டிரைவில் நண்பருக்கும் கொடுக்காதீர்கள். உள்ளே முழு முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் உடையும். .வென்வை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவது ஒரு நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் நான் தயங்காமல் அழிக்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான். அழிக்கும் முன் 'பைதான் -எம் பிப் ஃப்ரீஸ்' கொடுத்து வரும் பட்டியலை 'ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி'யில் போட்டு வைத்தால், பிறகு அதே நூலகங்களை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

நூலகம் இறங்கியது, ஆனாலும் இல்லை என்கிறது

'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எர்ரர்' வந்தால் முதல் சந்தேகம் தவறான பைதான், அதைச் செக்.பிஒய் தீர்த்துவிடும். இரண்டாவது, பெயர். பிப்புக்குச் சொல்லும் பெயரும், நூலகத்தை நிரலுக்குள் அழைக்கும் இம்போர்ட் வரியில் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இறக்குவது ஓப்பன்-தமிழ், நிரலில் எழுதுவது 'ஃப்ரம் டமில் இம்போர்ட் யுடிஎஃப்8'. பில்லோவை இறக்கினால் பிஐஎல் என்று எழுத வேண்டும். ஓப்பன்சிவி-பைதானை இறக்கினால் சிவி2. எர்ரரில் வரும் பெயரை அப்படியே பிப்பிடம் கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பெயரில் வேறு யாரோ வேறு எதையோ ஏற்றி வைத்திருக்கலாம். எழுத்துப்பிழைகளை எதிர்பார்த்தே விஷமப் பொதிகளை ஏற்றி வைப்பவர்கள் உண்டு.

மூன்றாவது சந்தேகம்தான் வேடிக்கையானது. தமிழ் எழுத்தை எண்ணும் நிரலுக்கு என்ன பெயர் வைப்போம்? இயல்பாகவே 'டமில்.பிஒய்' என்று வைப்போம். பைதான் இம்போர்ட்டைத் தேடும்போது முதலில் பார்ப்பது நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான். அங்கேயே டமில்.பிஒய் இருப்பதால், நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் ஃபைல் தன்னைத்தானே இம்போர்ட் செய்துகொள்ளும். 'பார்ஷலி இனிஷியலைஸ்டு மாட்யூல்' என்று ஒரு விசித்திரமான எர்ரர் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ரேண்டம்.பிஒய், டர்ட்டில்.பிஒய், ஈமெயில்.பிஒய் என்று பாடத்தின் பெயரையே ஃபைலுக்கும் வைப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் மாட்டுவார்கள். 3.13 பதிப்பிலிருந்து பைதானே 'பெயரை மாற்றிப் பார்' என்று எர்ரரில் யோசனை சொல்கிறது.

பிடிஎஃப் நோட்ஸிலிருந்து காப்பியடித்த வரிகளில் 'இன்வேலிட் கேரக்டர்' என்று வந்தால், வளைந்த மேற்கோள் குறிதான் காரணம். அழித்துவிட்டுக் கீபோர்டில் அடியுங்கள்.

புள்ளியில் இடறும் பைதான்

இப்போது நிரல் ஓடி, பாட்டு.டிஎக்ஸ்டியைத் திறக்கும் வரிக்கு வருகிறது. அங்கே 'யூனிகோட்டிகோட்எர்ரர்' என்று விழும். கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள்: 'சார்மேப்' என்ற முறையால் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்றிருக்கும். தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கு இது பிரத்யேகமானது, ஏன் என்று தெரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும்.

வி.எஸ். கோட் ஃபைலை யுடிஎஃப்-8 முறையில் (எழுத்துகளைக் கணினியின் பைட்டுகளாக மாற்றும் ஒரு முறை) சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு அந்த மூன்று: ஈ0, ஏஎஃப், 8டி. ஆனால் ஆங்கில விண்டோஸில் ஓடும் பைதான், ஃபைலைத் திறக்கும்போது எந்த முறை என்று சொல்லாவிட்டால், சிபி1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பியப் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. அதில் ஒன்று 8டி. ஆக, 'மலை' என்று மட்டும் இருக்கும் ஃபைல் எர்ரர் இல்லாமல் திறக்கும். தலையில் கோடு போட்ட சின்ன ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறிமாறி வந்து குப்பையாகக் காட்டும். 'கல்' என்று இருந்தால் புள்ளிக்கு வந்ததும் நின்றுவிடும். ஏ, ஐ என்ற இரண்டு உயிரெழுத்துகளின் கடைசி பைட்டும் அந்தக் காலி இடங்களில்தான் விழுகிறது. மெய்யெழுத்து இல்லாமல் தமிழில் ஒரு பத்தி எழுத முடியாது என்பதால் நடைமுறையில் எல்லாரும் இதைச் சந்திப்பீர்கள்.

தீர்வு: ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் 'என்கோடிங்=யுடிஎஃப்-8' என்று சேர்ப்பது. 'எர்ரர்ஸ்=இக்னோர்' என்று போட்டு வாயை அடைக்கும் யோசனை இணையத்தில் கிடைக்கும், எடுத்துக்கொள்ளாதீர்கள்; தமிழில் அப்படிச் செய்தால் புள்ளிகள் பறந்துபோய் மிச்சமும் குப்பையாகவே நிற்கும். 'பைதான்யுடிஎஃப்8' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால் மொத்தப் பைதானும் யுடிஎஃப்-8-க்கு மாறும், ஆனால் அது உங்கள் கணினிக்கு மட்டும்தான். நிரலை வாங்கி ஓட்டுபவர் கணினியில் மறுபடி விழும். பைதான் 3.15-இல் இதையே இயல்பு நிலையாக்க முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, கையால் எழுதிவிடுவதே நல்லது.

எக்ஸெலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமித்த ஃபைல் என்றால் 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். எக்ஸெல் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை வைக்கிறது. அதை நீக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, சரியான பெயரைக் கொடுத்தாலும் 'கீஎர்ரர்' வரும்.

டெர்மினலில் தமிழ் எழுத்துகள் பிய்ந்து பிய்ந்து, கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரிந்தால் நிரலைச் சந்தேகப்பட வேண்டாம். டெர்மினல் ஒவ்வொரு குறியையும் சம அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது, தமிழ் அதற்குள் அடங்காது. விடையை ஒரு ஃபைலில் எழுதி எடிட்டரில் திறந்து பாருங்கள், ஒழுங்காக இருக்கும்.

ஓட்டும் பொத்தான் இரண்டு

'கோட் ரன்னர்' என்ற எக்ஸ்டென்ஷனை (வி.எஸ். கோடில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் துணை நிரல்) பல யூடியூப் பாடங்கள் முதல் நாளே போடச் சொல்கின்றன. போட்டதும் மேலே வலப்பக்க முக்கோணத்துக்குப் பின்னால் இரண்டு வழி வந்துவிடும்: 'ரன் கோட்' கோட் ரன்னருடையது, 'ரன் பைதான் ஃபைல்' பைதான் எக்ஸ்டென்ஷனுடையது. இரண்டாவது, நீங்கள் மூலையில் தேர்ந்தெடுத்த சூழலில் ஓட்டும். முதலாவது வழக்கமாக பாத்தில் முதலில் நிற்கும் பைதானைக் கூப்பிடும். ஒரே நிரல் ஒரு பொத்தானில் ஓடி இன்னொன்றில் 'மாட்யூல் இல்லை' என்று சொல்வதற்குக் காரணம் இது. இன்னொரு தொல்லை: கோட் ரன்னர் விடையை 'அவுட்புட்' பலகத்தில் காட்டுகிறது, அதில் தட்டச்சு செய்ய முடியாது. இன்புட் கேட்கும் நிரல் அங்கே கல்லாக நிற்கும். செட்டிங்ஸில் 'ரன் இன் டெர்மினல்' டிக் போட்டால் சரியாகும். பைதான் மட்டும் எழுதுகிறீர்கள் என்றால், என்னைக் கேட்டால், கோட் ரன்னரே வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன்: போடும் முன், போட்ட பின்

எக்ஸ்டென்ஷன் என்பது யாரோ எழுதிய நிரல். உங்கள் கணக்குக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு: ஃபைல் படிக்கலாம், அழிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம். வெளியீட்டாளர் பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருந்தால், அந்த இணைய முகவரி அவருடையதுதான் என்று உறுதியாகியிருக்கிறது, அவ்வளவே. நிரல் நல்லது என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. பெயர், ஐகான், இறக்கியவர்கள் எண்ணிக்கை, கடைசியாகத் திருத்திய நாள் நான்கையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தொடங்குபவருக்கு மைக்ரோசாஃப்டின் பைதான் எக்ஸ்டென்ஷன் போதும். எழுதும்போதே யோசனை சொல்லும் பைலான்ஸும், எஃப்9-இல் புள்ளி வைத்து எஃப்5-இல் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் டீபக்கரும் அதோடு சேர்ந்தே வரும். கூட ஒன்று போட வேண்டுமென்றால் 'ரஃப்': வரியை ஒழுங்குபடுத்தும், பயன்படாத இம்போர்ட்டைக் காட்டிக்கொடுக்கும். பழைய பாடங்கள் சொல்வதையெல்லாம் போடாதீர்கள். அடைப்புக்குறிகளுக்கு நிறம் கொடுக்க ஒரு காலத்தில் தனி எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டது. 2021-லிருந்து அது வி.எஸ். கோடுக்குள்ளேயே இருக்கிறது.

திடீரென்று எடிட்டர் திணறினாலோ, சேவ் செய்ததும் வரிகள் தாமாகவே இடம் மாறினாலோ எந்த எக்ஸ்டென்ஷன் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கட்டளைப் பெட்டியில் 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று கொடுங்கள். பாதியை அணைத்துவிட்டு 'இப்போது சரியா?' என்று கேட்கும். பதிலைப் பொறுத்து மீதியைப் பாதியாக்கிக்கொண்டே போகும். முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு கேள்வியில் திருடன் பிடிபடுவான். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கோளாறு தொடர்ந்தால் எக்ஸ்டென்ஷன்கள் நிரபராதிகள், செட்டிங்ஸைப் பாருங்கள். தேடும் பெட்டியில் '@மாடிஃபைட்' என்று அடித்தால் நீங்கள் மாற்றியவை மட்டும் வரும். ஃபோல்டருக்குள் '.விஎஸ்கோட்' என்று ஒரு துணை ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் எழுதியிருப்பது உங்கள் சொந்த செட்டிங்ஸை மீறி நிற்கும். யாருடைய ப்ராஜெக்டையாவது இறக்கித் திறந்தபோது அவருடைய விருப்பங்களும் கூடவே வந்திருக்கலாம்.

நாமே ஒன்று செய்வது

முதலில் ஸ்னிப்பெட், அதாவது ஒரு குட்டிச் சொல்லை அடித்தால் முழு வரியாக விரியும் வசதி. நிரலாக்கம் எதுவும் தேவையில்லை. கட்டளைப் பெட்டியில் 'கான்ஃபிகர் ஸ்னிப்பெட்ஸ்' கொடுத்துப் பைதானைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஜேசன் ஃபைல் திறக்கும். 'ப்ரிஃபிக்ஸ்' என்ற இடத்தில் 'டிஎஃப்' என்ற இரண்டெழுத்து, 'பாடி'யில் என்கோடிங்=யுடிஎஃப்-8 சேர்த்த ஃபைல் திறக்கும் வரி. ஃபைல் பெயர் வர வேண்டிய இடத்தில் டாலர் குறியும் 1-உம், கர்சர் கடைசியில் போய் நிற்க வேண்டிய இடத்தில் டாலரும் 0-உம் போடுங்கள். இனி டிஎஃப் அடித்து டேப் தட்டினால் முழு வரியும் விழும். புள்ளியில் இடறும் பிரச்சினையை இனி நினைவு வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

அடுத்தது முழு எக்ஸ்டென்ஷன். ஜாவாஸ்கிரிப்ட்டைக் கணினியில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு வேண்டும். டெர்மினலில் 'என்பிஎக்ஸ் --பேக்கேஜ் யோ --பேக்கேஜ் ஜெனரேட்டர்-கோட் -- யோ கோட்' என்று அடித்தால் கேள்விகள் கேட்கும். மொழிக்கு ஜாவாஸ்கிரிப்ட்டைத் தேர்ந்தெடுத்து, பெயர் கொடுத்து, மற்றவற்றுக்கு என்டர் தட்டிக்கொண்டே போங்கள். உருவான ஃபோல்டரைத் திறந்து எஃப்5 அழுத்தினால் இன்னொரு வி.எஸ். கோட் சன்னல் வரும். உங்கள் எக்ஸ்டென்ஷன் அதற்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கும் என்பதால் என்ன செய்தாலும் முதல் சன்னலுக்குச் சேதமில்லை. அந்தச் சன்னலின் கட்டளைப் பெட்டியில் 'ஹலோ வேர்ல்ட்' கொடுங்கள், மூலையில் ஒரு செய்தி எட்டிப்பார்க்கும். எக்ஸ்டென்ஷன்.ஜேஎஸ் ஃபைலில் 'ஷோஇன்ஃபர்மேஷன்மெசேஜ்' என்ற வரியைத் தேடி, அடைப்புக்குறிக்குள் தமிழில் எழுதி, கன்ட்ரோல்-ஆர் கொடுத்துப் பாருங்கள்; டெர்மினல்போல இல்லாமல் இங்கே தமிழ் அழகாகவே வரும். கட்டளையின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் 'பேக்கேஜ்.ஜேசன்' ஃபைலில் 'டைட்டில்' என்ற இடம். பெயர் மாறிய பிறகு கட்டளை கிடைக்கவில்லை என்று எர்ரர் வந்தால், அந்த ஃபைலில் 'கமாண்ட்' என்பதற்கு நேரே இருப்பதும் எக்ஸ்டென்ஷன்.ஜேஎஸ்ஸில் பதிவு செய்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்களுக்குக் கொடுக்க மார்க்கெட்ப்ளேஸில் (எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கும் இணையக் கடை) கணக்கெல்லாம் வேண்டாம். 'என்பிஎக்ஸ் @விஎஸ்கோட்/விஎஸ்சிஇ பேக்கேஜ்' என்று கொடுத்தால் ஒரே ஒரு விஎஸ்ஐஎக்ஸ் ஃபைல் வரும். வாட்ஸாப்பிலோ பென்டிரைவிலோ அனுப்பி, எக்ஸ்டென்ஷன் பலகத்தின் மூன்று புள்ளி மெனுவில் 'இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்' கொடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை பேக்கேஜ் செய்யும்போது பெரும்பாலும் எர்ரர் காட்டி நின்றுவிடும். கடைசி வரியைப் படித்தால் காரணம் அங்கேயே இருக்கும்: தானாக உருவான ரீட்மீ ஃபைலை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. உங்கள் எக்ஸ்டென்ஷன் என்ன செய்கிறது என்று அதில் நாலு வரி எழுதிவிட்டு மறுபடி கொடுங்கள்.